சதுரங்கப்பட்டினத்துல வீடு கட்டுறோம். இந்தக் கரையில நிலநடுக்கத்துக்கு எவ்வளவு பயப்படணும்?

நெய்தல்மனை கேட்டது:

வணக்கம். சதுரங்கப்பட்டினத்துல எங்களுக்கு ஒரு கிரவுண்டு மனை இருக்கு. மாமனார் ரிட்டயர் ஆன பணத்துல வாங்கிப் போட்டது. கடலுக்கும் மனைக்கும் நடுவுல சுமார் 700 மீட்டர். தை பொறந்ததும் கடைக்கால் தோண்டலாம்னு இருக்கோம். கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தக் காலியா விட்டு, மேல ரெண்டு மாடி.

கட்டித் தர்றவர்கிட்ட "நிலநடுக்கத்துக்கு ஏதாவது செய்யணுமா"ன்னு கேட்டேன். "நம்ம ஊருக்கு அதெல்லாம் வராதும்மா, கம்பி விலை ஏறிக் கிடக்கு, தேவையில்லாம எதுக்கு"ன்னார். மாமனார், "சுனாமி வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே அறுநூறு வருஷத்துக்குக் கவலை இல்ல"ன்றார். மாமியார் ஒண்ணும் பேசறதில்ல. 2004ல அவங்க கல்பாக்கத்துலதான் இருந்தாங்க. மனையைப் பார்க்கப் போனப்போ கடல் பக்கம் திரும்பாமலேயே நின்னாங்க. ராத்திரி என்கிட்ட மட்டும், "திரும்ப வருமா, படிச்சுப் பார்த்துச் சொல்லு"ன்னாங்க.

நான் படிச்சது வணிகவியல். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவங்களுக்கு நேர்மையான பதிலாச் சொல்லணும்.

பாலாறு77:

தமிழ்நாடு கெட்டியான பழைய பாறை மேல உட்கார்ந்திருக்கு, ஜப்பான் மாதிரி கிடையாது. சின்னச் சின்ன ஆட்டம் வரும், போகும். சுனாமிக்கு அடையாளம் ஒண்ணுதான். கடல் உள்வாங்கும். அப்போ ஓடினாப் போதும். அதுவரைக்கும் நிம்மதியா இருங்க.

கடைக்கால்:

சகோதரி, நான் கட்டடப் பொறியாளர். பொறந்து வளர்ந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில. உங்க மாமியார் கேட்டதுக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி கட்டித் தர்றவர் சொன்னதைப் பார்ப்போம். இந்தக் கரைக்கு ஆபத்து ரெண்டு இடத்துல இருந்து வருது. ஒண்ணு காலடியில இருந்து, இன்னொண்ணு ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அந்தமான்ல இருந்து. வீட்டுக்குச் செய்ய வேண்டியது ஒண்ணு, வீட்டுல இருக்குறவங்க செய்ய வேண்டியது வேற.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. எனக்குக் காலாண்டுப் பரீட்சை சமயம். ராத்திரி 8.26 மணி. அம்மா தோசை ஊத்திக்கிட்டு இருந்தாங்க. முதல்ல ஒரு உறுமல், தண்ணி லாரி தெருவுல திரும்புற மாதிரி. அப்புறம் அலமாரியில கவுத்து வெச்சிருந்த எவர்சில்வர் டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசுச்சு. எங்க வீடு பழைய மெட்ராஸ் ஒட்டு, அதாவது மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. மேல இருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து தோசைக்கல் மேலயே விழுந்துச்சு. அம்மா அடுப்பை அணைச்சுட்டு என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. நாங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள ஆட்டம் நின்னு போச்சு. அன்னிக்கு எங்க தெருவுல யாரும் வீட்டுக்குள்ள படுக்கல.

அதோட அளவு 5.5. மையம் புதுச்சேரிக்குக் கிழக்க, கடலுக்கு அடியில. மறுநாள் வெளிச்சத்துல பார்த்தா, கூடத்து ஜன்னலோட மேல் மூலையில ஆரம்பிச்சு கூரை வரைக்கும் சாய்வா ஒரு விரிசல். ஐம்பது காசைச் செருகினா உள்ள நிக்கும். அப்பா அது மேல மளிகைக்கடை காலண்டரை மாட்டிட்டார். நான் தினமும் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பேன். ஏன் ஜன்னல் மூலையில? ஏன் நேரா இல்லாம சாய்வா? ஜன்னலுக்கு வெட்டின இடத்துலதான் சுவர் பலவீனமா இருக்கும், பக்கவாட்டுல ஆட்டினா அந்த மூலையில இருந்துதான் கிழியும்னு பின்னால கல்லூரியில தெரிஞ்சுது. ஜன்னலுக்கு மேல போடுற லிண்டலை அங்கயே நிறுத்தாம, அரைஞாண் கயிறு மாதிரி வீட்டைச் சுத்தி ஓட விட்டிருந்தா அந்த விரிசல் வந்திருக்காது.

பாலாறு சொன்ன பழைய பாறை விஷயம் பாதி உண்மை. பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டுகளா நகருது. நாம நம்ம தட்டோட ஓரத்துல இல்ல, அதனால அடிக்கடி வராது. ஆனா 1993 செப்டம்பர் 30 விடியக்காலையில மகாராஷ்டிராவுல கில்லாரி அழிஞ்சதும் அதே மாதிரி பழைய பாறை மேலதான். அளவு 6.2. கிட்டத்தட்ட 10,000 பேர் போனாங்க, பெரும்பாலும் தூக்கத்துல, மண்ணும் கல்லும் வெச்சுக் கட்டின கனமான சுவர் மேல விழுந்து. அந்த ஊர் அன்னைக்கு இந்திய நில அதிர்வு வரைபடத்துல இருந்ததிலேயே குறைஞ்ச ஆபத்துள்ள 1ஆம் மண்டலத்துல இருந்துச்சு. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். அதுக்கப்புறம் 2002ல ஐ.எஸ். 1893ன்ற, கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குறதுக்கான இந்திய விதியைத் திருத்தினப்போ 1ஆம் மண்டலத்தையே எடுத்துட்டாங்க. 2ல இருந்த சென்னை 3க்கு ஏறுச்சு. அந்தப் பட்டியல்ல கல்பாக்கமும் 3ல இருக்கு. உங்க மனை அதுக்குப் பக்கத்துலதான்.

நம்ம கிழக்குக் கரையே ஒரு பழைய கிழிசலோட விளிம்பு. சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிஞ்சப்போ கிழிஞ்ச இடம். அந்தப் பழைய பிளவுகள் கடலுக்கு அடியிலயும் கரையிலயும் இன்னும் இருக்கு. தட்டை அழுத்துற விசை எப்பவாவது அதுல ஒண்ணை அசைக்கும். கரையை விட்டு உள்ள தள்ளியும் வந்திருக்கு. 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவுல ஒண்ணு. 2014 மே 21 ராத்திரி வங்காள விரிகுடா நடுவுல 6.0 வந்தப்போ சென்னையில மாடி வீட்டுக்காரங்க எல்லாம் கீழ இறங்கி நின்னாங்க.

இப்போ உங்க கீழ்த்தளம். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துல, 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்த ஆமதாபாத்துல பல மாடிக் கட்டடங்கள் விழுந்துச்சு. விழுந்ததுல நிறைய, கீழ வண்டி நிறுத்தக் காலியா விட்டு வெறும் பில்லர் மேல நின்ன கட்டடங்கள். மேல எல்லாத் தளத்துலயும் செங்கல் சுவர் இருக்கும், அதனால விறைப்பா நிக்கும். கீழ சுவரே இல்ல. ஆட்டம் மொத்தமும் அந்தப் பில்லர் தலையில வந்து இறங்கும். ஆமதாபாத்தும் 3ஆம் மண்டலம்தான். இதை உங்களுக்குக் கட்டித் தர்றவர்கிட்ட அப்படியே சொல்லுங்க.

சுனாமிக்கு வர்றேன். 2004 டிசம்பர் 26, காலைல 6.29க்கு சுமத்ராவோட வடமேற்கு முனையில ஆரம்பிச்ச உடைப்பு, நிக்கோபார், அந்தமான் வழியா வடக்க சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடுச்சு. அளவு 9.1. நம்ம தட்டு அந்தத் தீவு வரிசைக்கு அடியில வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நுழையுது. மேல இருக்குற தட்டு மாட்டிக்கிட்டு வில்லு மாதிரி வளையும். பல நூறு வருஷம் வளைஞ்சது அன்னிக்கு ஒரேயடியா விட்டுச்சு, கடல் தரை எழும்பித் தண்ணியைத் தூக்கி விட்டுச்சு.

சென்னையில, புதுச்சேரியில அன்னிக்குக் காலைல பல பேருக்கு லேசா ஆடினது தெரிஞ்சுது. நான் கட்டில்ல படுத்திருந்தேன், யாரோ கட்டில் காலை மெதுவா அசைக்குற மாதிரி இருந்துச்சு. 2001ல இருந்த உறுமல் இல்ல, தூள் கொட்டல. "அன்னிக்கு மாதிரி பெருசு இல்ல"ன்னு அப்பா சொன்னார், நானும் நம்பினேன். அதுக்கப்புறம் சுமார் ரெண்டரை மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி வந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துப் பையன்கள்ல மூணு பேர் அந்த ரெண்டரை மணி நேரமும் மணல்ல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் திரும்பி வரல.

ஆட்டம் லேசுன்னா நிலநடுக்கம் சின்னதுன்னு அர்த்தம் இல்ல. கிட்ட வர்ற சின்னது படக்குன்னு உலுக்கிட்டுப் போகும். தூரத்துல வர்ற ராட்சசன் ஊஞ்சல் மாதிரி மெதுவா, ரொம்ப நேரம் ஆட்டும். தொங்குற விளக்கும் குடத்துத் தண்ணியும் நிக்காம ஆடிக்கிட்டே இருந்தா அதைத்தான் பெருசா எடுத்துக்கணும்.

அறுநூறு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்றேன். தாய்லாந்துல பிரா தோங்னு ஒரு தீவு. அங்க சதுப்பைத் தோண்டினப்போ 2004 மணல் படிவுக்குக் கீழ இன்னொரு மணல் படிவு கிடைச்சுது, 550ல இருந்து 700 வருஷத்துக்குள்ள வயசு. சுமத்ராவோட ஆச்சே கரையிலயும் பழைய படிவுகள் இருக்கு. ஒண்ணு 1290க்கும் 1400க்கும் நடுவுல, ஒண்ணு 780க்கும் 990க்கும் நடுவுல. நம்ம மாமல்லபுரத்துலயும் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் ஏறி வந்த தடயத்தை ஆராய்ச்சியாளர்கள் எடுத்திருக்காங்க. பக்கத்துல சாளுவன்குப்பத்துல, சுனாமிக்கு அப்புறம் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டு, 2005ல தோண்டினப்போ செங்கல் அடித்தளத்தோட ஒரு பழைய முருகன் கோயில் வந்துச்சு. அங்க இருந்த மணலையும் கிளிஞ்சல் அடுக்கையும் பார்த்து, கடலலைதான் கோயிலைச் சாய்ச்சிருக்கும்னு தோண்டினவங்க கருதினாங்க. ஒரு தடவை போய்ப் பாருங்க, உங்க மனையில இருந்து தூரம் இல்ல.

ஆனா இந்த இடைவெளி கடிகார முள் மாதிரி ஒழுங்கா வர்றது இல்ல. நடுவுல சின்னதும் வரும். 1881 டிசம்பர் 31ல கார் நிக்கோபார் பக்கத்துல 7.9 வந்து, சென்னை, நாகை துறைமுகத்துல கடல் மட்டத்தை அளக்குற அலைமானியில சின்ன சுனாமி பதிவாச்சு. 2012 ஏப்ரல் 11ல 8.6 வந்துச்சு. நான் சைட்ல நாலாவது மாடியில நின்னேன், சென்ட்ரிங் முட்டெல்லாம் கிறீச்சுன்னு சத்தம் போட, மொத்தப் பேரையும் இறக்கி வெளிய நிறுத்தினேன். அந்தத் தடவை தட்டு மேல கீழ எழும்பாம பக்கவாட்டுல நழுவினதால பெரிய அலை வரல. ஆடுற நேரத்துல நமக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதனால உங்க மாமியாருக்கு நான் சொல்ற பதில்: வரும். 2004 மாதிரி ஒண்ணு அவங்க காலத்துல வர வாய்ப்பு கம்மி. அதை விடச் சின்னது வரலாம். ஆனா 2004ல நம்மகிட்ட இல்லாதது ஒண்ணு இப்போ இருக்கு. ஹைதராபாத்துல 2007 அக்டோபர்ல இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் ராத்திரி பகலா இயங்குது. அந்தமான்ல உடைஞ்சா நமக்கு ரெண்டு மணி நேரத்துக்கும் மேல அவகாசம் இருக்கு. நடந்தே தப்பிக்கலாம்.

பாலாறு நண்பரே, உங்க கடைசி வரியை மட்டும் தயவு செஞ்சு திருத்திக்கோங்க. கடல் உள்வாங்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 2004ல தாய்லாந்துப் பக்கம்தான் முதல்ல உள்வாங்குச்சு. மேற்கால இருக்குற நம்ம பக்கம் முதல்ல வந்ததே ஏற்றம். உள்வாங்கினது அதுக்கப்புறம், ரெண்டு அலைக்கு நடுவுல.

கீச்சாங்குப்பம்காரி:

நான் நாகப்பட்டினம். மேல தம்பி சொன்னது சத்தியம். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பௌர்ணமி வேற. எங்க கண்ணுக்குக் கடல் உள்வாங்கவே இல்ல. கரைக்குக் கொண்டாந்த மீனை ஏலம் போட்டுக்கிட்டு இருந்தோம். தண்ணி சும்மா ஏறுச்சு, மழைக்காலத்துல வாய்க்கா ஏறுமே, அந்த மாதிரி. முதல்ல முட்டிக்கால். கூடையெல்லாம் மிதந்துச்சு. வடிஞ்சுது. அப்போதான் உள்ள போச்சு, தரையில மீன் துள்ளுச்சு.

எங்க சித்தப்பா வீட்டுக்குத் திரும்பிப் போனாரு, ரேசன் கார்டும் படகு பேப்பரும் எடுக்க. தண்ணிதான் வடிஞ்சிருச்சேன்னு போனாரு. அடுத்து வந்தது கறுப்பா இருந்துச்சு, சத்தத்தோட வந்துச்சு. ஃபைபர் படகு எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. சித்தப்பாவை மூணாம் நாள் கண்டுபிடிச்சோம். பேப்பர் வெச்சிருந்த பிளாஸ்டிக் கவர் இடுப்புலயே இருந்துச்சு.

எங்க மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல. ஒரு தடவை மேடு ஏறிட்டா, இறங்கச் சொல்ற வரைக்கும் இறங்காதீங்க தாயி. மணிக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும். முக்கியமான பேப்பரை ஒரு பையில போட்டு வாசக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டி வையுங்க. நான் இன்னைக்கும் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

பாலாறு77:

தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உள்வாங்கினாத்தான் சுனாமின்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். என் பசங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். இன்னைக்கே மாத்திச் சொல்றேன்.

நெய்தல்மனை:

அக்கா, உங்க பதிலை மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, கல்பாக்கத்துல அன்னிக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினதைச் சொன்னாங்க. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல.

கடைக்கால் அண்ணா, ரெண்டு கேள்வி. ஒண்ணு, வண்டி நிறுத்துற இடத்தை எடுத்துட்டா வேற வழி இல்ல, தெரு குறுகல். கீழ காலியா விட்டே பாதுகாப்பா கட்ட முடியுமா? இன்னொண்ணு, மேஸ்திரி வேலை செய்யுறப்போ நான் எதைக் கவனிக்கணும்? அளவெல்லாம் எனக்கு டேப் வெச்சுப் பார்க்கத் தெரியும்.

கடைக்கால்:

கட்டலாம். ஆனா அதை ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கணக்குப் போட்டு வரையணும், மேஸ்திரி கண்ணளவுல முடிவு பண்ணக் கூடாது. கீழ்த்தளத்துல ரெண்டு திசையிலயும் கான்கிரீட் சுவர் கொஞ்சம் கொடுக்கச் சொல்லுங்க, மாடிப்படிப் பக்கமும் பின்பக்கமும் கொடுத்தா வண்டிக்கு இடைஞ்சல் வராது. அதுக்கும் முன்னாடி போர் போட்டு மண் பரிசோதனை. கடலோர மணல், நிலத்தடி நீர் மேலாப்பல இருக்கும். தளர்ந்த ஈர மணலைப் பலமா குலுக்கினா குழம்பு மாதிரி இளகி, கடைக்காலைத் தாங்காம விட்டுடும். எவ்வளவு ஆழம் போகணும்னு அந்தப் பரிசோதனைதான் சொல்லும்.

மேஸ்திரி வேலையில நீங்க பார்க்க வேண்டியது ரிங். பில்லர் கம்பியைச் சுத்திக் கட்டுற சதுர வளையம். 3ஆம் மண்டலத்துக்கு ஐ.எஸ். 13920 விதி கட்டாயம், அதுல இதுக்குன்னே எழுதியிருக்கு. ரிங்கோட ரெண்டு முனையும் மூலைக் கம்பியைச் சுத்தி, நடுவுல இருக்குற கான்கிரீட்டைப் பார்த்து உள்பக்கமா மடிஞ்சிருக்கணும், 135 டிகிரி. நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் எல்-ஷேப்பா 90 டிகிரியில மடிச்சு விட்டுடுவாங்க. ஆட்டத்துல மேல் பூச்சு உதிர்ந்ததும் அது வாய் பிளந்துக்கும். மடிச்ச முனை நீளம் மூணு அங்குலத்துக்குக் குறையாம வைங்க. பில்லரும் பீமும் சேருற இடத்துக்கு மேலயும் கீழயும் குறைஞ்சது ஒன்றரை அடிக்கு ரிங் இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சேருற இடத்துக்குள்ளயும் ரிங் போகணும். அங்கதான் கம்பி நெருக்கமா இருக்குன்னு போடாம விட்டுடுவாங்க. ஒரு தடவை நான் போய்ப் பார்க்குறதுக்குள்ள கான்கிரீட் கொட்டிட்டாங்க, எட்டு பில்லரை உடைச்சு மறுபடி கட்ட வெச்சேன். அந்த முதலாளி இன்னும் என்கிட்ட பேசுறதில்ல. கம்பி கட்டி முடிச்சதும், பலகை அடிக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கூடுதலா ஆகுற செலவு பெரும்பாலும் ரிங் கம்பியும், அதை மடிக்குற கூலியும்தான். மொத்த வீட்டுக் கணக்குல ரொம்பச் சின்னத் தொகை.

கடைசியா ஒண்ணு. உங்க ஊர்ல மேற்க போகணும்னா பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டணும். பாலம் எங்க இருக்கு, வீட்டுல இருந்து எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு நாள் நடந்து பாருங்க. வண்டியில வேணாம், அன்னிக்கு ரோடு அடைச்சுக்கும்.

நெய்தல்மனை:

அண்ணா, நேத்து சாயங்காலம் நடந்தோம். நான், வீட்டுக்காரர், மாமனார், மாமியார் நாலு பேரும். மாமியாருக்கு முட்டி வலி, ரெண்டு இடத்துல உட்கார்ந்தாங்க. மனையில இருந்து கால்வாய்ப் பாலம் தாண்டி அந்தப் பக்கத்து மேடு வரைக்கும் 41 நிமிஷம். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே வந்தார். அறுநூறு வருஷப் பேச்சு எடுக்கல. திரும்பி வர்றப்போ மாமியார், "ராத்திரியில கரண்ட் இல்லாம இதே வழியில ஒரு தடவை வரணும்"ன்னாங்க. வர்ற சனிக்கிழமை டார்ச்சோட போறோம்.

கட்டித் தர்றவர்கிட்ட ஆமதாபாத் கதையைச் சொல்லி, ரிங்கை மடிச்சுக் காட்டச் சொன்னேன். 90ல மடிச்சுக் காட்டினார். மாதிரிக்கு ஒண்ணு 135ல மடிச்சு வாங்கி வெச்சிருக்கேன். வேலை ஆரம்பிச்சதும் ஒவ்வொரு பில்லர்லயும் அதை வெச்சுப் பார்ப்பேன்.